குளத்தூருக்குச் சொல்லாத கேதம்

அன்று செவ்வாய்க்கிழமை. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இரண்டு வாய் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டிருப்பேன். அப்பாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் வேறு குரல். "சார், கீரனூர் பஸ் கண்டக்டர் பேசுறேன். பெரியவர் எறந்துட்டாரு சார். பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு எறங்குங்கன்னு எழுப்புறேன், எந்திரிக்கல. கூட்டம் கூடிருச்சு, வெரசா வாங்க." அவ்வளவுதான். டிபன் பாக்ஸை மூடினேன். அடுத்த நாள் அடக்கம் முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தக் கண்டக்டரைக் குறை சொல்லவில்லை. முன்பின் தெரியாத கிழவரின் போனை எடுத்து, கடைசியாகப் பேசிய நம்பரைப் பார்த்து, மகனுக்குச் சொன்ன நல்ல மனிதர் அவர். ஆனால் மூடியை அழுத்தி மூடும்போது எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? அப்பா மட்டும் இதைக் கேட்டிருந்தால் அந்த மனிதரை உட்காரவைத்து அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பார். கேதம் சொல்வதில் அப்பாவை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒரு சாவு விழுந்தால், உறவுக்காரர்களுக்கு நேரில் போய்ச் சொல்ல ஊர் தேடுகிற முதல் ஆள் அவர்தான். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்காவது அப்படி ஒரு நாள் அவர் வந்திருப்பார்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, தாத்தாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என் மகள் ஜெனி கேட்டாள். ஜெராக்ஸ் எடுப்பது அவள் பொறுப்பாம். மூன்று வாரமாக உட்காருகிறேன், எழுந்து போகிறேன், மறுபடி உட்காருகிறேன். எழுத வேண்டிய விஷயம் ஒன்றுதான். அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய் மாதிரி இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால், அப்பாவைச் சரியாகத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அருளப்பன் என்றால் பலருக்குத் தெரியாது. ஆவூர்ப் பக்கத்திலிருந்து கடற்கரை வரை 'இன்ஸ்பெக்டரய்யா' என்றால் தெரியும். சுகாதார ஆய்வாளர் வேலை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார், காய்ச்சல் உண்டா என்று கேட்பார், வாசல் சுவரில் பென்சிலால் தேதி போடுவார். மற்றவர்கள் தேதி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் தேதி போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து மாடு சினையாகாதது வரை பேசிவிட்டுத்தான் அடுத்த வாசல். ரிட்டையர் ஆன மறுநாளும் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "எங்கப்பா போறீங்க?" என்றேன். "சும்மா ஒரு சுத்து" என்றார். அந்தச் சுற்று இருபத்து மூன்று வருடம் போனது.

எனக்கு அவரோடு வெளியே போவதென்றால் கூச்சம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பாவம், ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதாக நடித்தாலும் விடமாட்டார். ஜெனியைத் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்த்தபோது, புதன்கிழமைதோறும் முறுக்கும் கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பார்வையாளர் நேரம் சாயங்காலம் ஐந்து மணி. இவர் பதினொரு மணிக்கே போய் வாட்ச்மேனோடு உட்கார்ந்துவிடுவார். ஒரு புதன்கிழமை ஜெனி இறங்கி வந்து பார்த்தால், விடுதி வாட்ச்மேன், சமையல்கார அம்மா, தண்ணீர் கேன் போடுகிறவர் என்று ஆறு பேர் சுற்றி நிற்க, தாத்தா நடுவில் உட்கார்ந்து கொசு முட்டையிடும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தாராம். முதல் வருடம் அவளுக்கு மானம் போனது. மூன்றாம் வருடம் புதன்கிழமை தாத்தா வரவில்லை என்றால் வாட்ச்மேன் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

ஆனால் கேதம் சொல்லப் போகும்போது மட்டும் அவர் வேறு ஆள். பேச்சு குறைந்துவிடும். அதற்கு இரண்டு முறை வைத்திருந்தார். "வாசல்ல நின்னு சொல்லக்கூடாது. சாப்பிட்டாச்சான்னு மொதல்ல கேக்கணும். இல்லைன்னா, நானும் சாப்பிடலன்னு சொல்லி உக்காரணும். கேட்டப்புறம் ரெண்டு நாளைக்கு அவுகளுக்குச் சோறு எறங்காது. வகுத்துல எதாச்சும் போனப்புறம் சொல்லு." இது ஒன்று. இரண்டாவது: "சொல்லிட்டு ஓடியாரக்கூடாது. அவுக அழுது முடிக்கிற மட்டும் கூட இருக்கணும். அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுன்னாலும் இருக்கணும்." போனில் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோர் கையிலும் போன் வந்த பிறகும், சாவுச் சேதிக்கு மட்டும் அவர் போனைத் தொட்டதில்லை.

அப்படிப்பட்டவருடைய சாவை நாங்கள் எப்படிச் சொன்னோம்? வாட்ஸ்அப்பில் போட்டோம். ஜெனிதான் ஒரு படத்தைப் போட்டு, அடக்க நேரத்தை எழுதி அனுப்பினாள். தப்பில்லை. முன்னூறு பேர் வந்தார்கள். வராமல் விட்டுப்போனவர் ஒருவர். கட்டுமாவடியில் மீன் ஏலம் எடுக்கும் இபுராம்சா மாமா. அப்பா கடற்கரைப் பக்கம் வேலை பார்த்த காலத்துச் சிநேகிதர். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் வாட்ஸ்அப் இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏலம் முடிந்ததும் அப்பாவுக்குப் போன் போடுவது அவர் வழக்கம். கிழங்கான் வந்திருக்கிறது, கொடுவா வந்திருக்கிறது என்று கால் மணி நேரம் ஓடும். அப்பாவின் போனில் அவர் பெயரே 'கட்டுமாவடி கெழங்கான்'தான்.

அடக்கம் முடிந்த சனிக்கிழமை, பத்து மணிக்கு அலமாரி மேலிருந்த அப்பாவின் போன் அடித்தது. கட்டுமாவடி கெழங்கான். கையில் எடுத்தேன். போனில் எப்படிச் சொல்வது? அப்பா வெளியே போயிருக்கிறார் என்று எப்படிப் பொய் சொல்வது? அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது சனிக்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது சனிக்கிழமை நாலு தடவை அடித்தது. ஜெனி சமையலறையிலிருந்து வந்து, "அப்பா, ஒண்ணு அதை எடுங்க, இல்ல பஸ் ஏறிப் போய்ச் சொல்லிட்டு வாங்க. தாத்தாவா இருந்தா இந்நேரம் போயிட்டுத் திரும்பியிருப்பாரு" என்றாள். எனக்குப் பேப்பர் திருத்தும் வேலை இருக்கிறது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

பேப்பர் எல்லாம் சாக்கு. எனக்குக் கேதம் சொல்ல வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அந்த வேலைக்குப் போனேன். நான் எழுத வேண்டிய விஷயமும் அதுதான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரி விடுமுறை. எங்கள் ஊரில் அப்பாவின் சின்னம்மா விடியற்காலையில் இறந்துபோனார். வீடுகளில் போன் வராத காலம். அவருக்கு ஒரே மகள், குளத்தூரில் கட்டிக்கொடுத்த மரியபுஷ்பம் அத்தை. நாலு திசைக்கும் ஆள் அனுப்பிய அப்பா, குளத்தூருக்கு என்னை அனுப்பினார். முறை இரண்டையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏற்றினார். அடக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கு.

போனால் அத்தை அடுப்பு முன்னால் உட்கார்ந்து முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். "வாடா மருமகனே, வழி தெரிஞ்சுச்சா இங்கிட்டு?" என்று சிரித்தார். சோறு போட்டார். அவரும் கூட உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் முறைப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கை கழுவிவிட்டு வந்து வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அத்தை ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அம்மாவுக்குப் பல்லு இல்ல பாரு, அதான் வெண்ணெய் நெறைய போட்டுச் சுட்டேன். குடுத்துரு. ஞாயித்துக்கெழம நானே வாரேன்னு சொல்லு." சரி அத்தை என்றேன். பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

அப்பா கேட்டார், "சொல்லிட்டியா?" சொல்லிவிட்டேன், வருவதாகச் சொன்னார் என்றேன். ஊரே அத்தைக்காகக் காத்திருந்தது. ஐந்து மணி ஆறானது. பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். சாமியாருக்கு அடுத்த ஊரில் பூசை. மகள் வராமலே தாயை அடக்கம் செய்தோம். திரும்பி வந்த அப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கம் கால் கழுவப் போனபோது, வைக்கோலில் நான் செருகி வைத்திருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டார். பிரித்துப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நின்றேன். பொட்டலத்தை மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் அவரே குளத்தூர் போய்ச் சொன்னார். சாவைச் சொன்னதோடு இன்னொன்றும் சொன்னார். "புள்ள பஸ் ஏறினதுக்கு அப்புறந்தான் சின்னம்மாவுக்கு உசுரு போச்சு. அவன் அங்க வந்தது தற்செயல். ஆள் அனுப்பணும்னு எனக்குத்தான் தோணாமப் போச்சு." என்னைக் குளத்தூருக்கு அனுப்பியது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஊர்க்காரர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் இதையே சொல்லிச் சரிக்கட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் கேதம் சொல்கிற மனுசன், சின்னம்மா மகளுக்குச் சொல்ல மறந்துவிட்டார் என்று ஆகிப்போனது. அத்தை பதினோரு வருடம் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அப்பா கொடுத்தனுப்பும் பலகாரம் அப்படியே திரும்பி வரும். ஒரு தடவை மனசு கேட்காமல் "நான் உண்மையைச் சொல்லிடவாப்பா?" என்று கேட்டேன். "எனக்கு நாலு பேரு இருக்காக, ஒருத்தி பேசாட்டித் தாங்கிக்கிருவேன். ஒனக்கு இருக்கிறது ஒரே அத்தை. பேசாம இரு" என்றார். நானும் பேசாமல் இருந்தேன். வசதியாக இருந்தது, அதனால் இருந்தேன்.

என் கல்யாணத்துக்கு அத்தை வந்தார். பேச்சு வார்த்தை வந்தது. எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பெட்டி வாசலில் இருந்தபோது அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார்: "ஊருக்கெல்லாம் சொன்னியே அண்ணே, என்னப் பெத்தவ போனப்ப எனக்குச் சொல்லாம விட்டியே அண்ணே!" கூட நின்ற பெண்கள் தலையை ஆட்டினார்கள். நான் இரண்டு அடி தள்ளி, மாலை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். நீங்களும் நின்றிருப்பீர்கள், கேட்டிருப்பீர்கள். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நாலாவது சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் போன் அடிப்பதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. காலை ஆறு மணிக்கே பஸ் ஏறினேன். அறந்தாங்கியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஒரு காலை வைத்தும் விட்டேன். ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் கத்தினார். இறங்கிக்கொண்டேன்.

கட்டுமாவடியில் ஏலம் முடிந்து, தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இபுராம்சா மாமா காலிப் பெட்டிகளை அடுக்கச் சொல்லிக் கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி! என்ன, தனியா வந்திருக்கீக? மச்சான் எங்க? மூணு வாரமா போன எடுக்க மாட்டேங்கிறாரே, என்ன கோவமாம்?" முஸ்லிம் வீடுகளில் அப்பா எப்படிக் கேட்பாரோ, அப்படியே கேட்டேன்.

"பசியாறிட்டீங்களா மாமா?"

அவர் கை துடைத்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எப்ப?"

இருபத்தைந்து நாள் ஆயிற்று என்றேன். கண்ணை மூடி வாய்க்குள் ஓதினார். என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மொதல்ல பசியாறுவோம். மச்சான் வச்ச முறையக் கெடுக்கக்கூடாது." இடியாப்பமும், மீனாணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும் வந்தன. சாப்பிட்டுக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே எனக்கு இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்தார். அவருடைய அண்ணன் திருச்சி ஆஸ்பத்திரியில் மவுத்தானபோது, அப்பாதான் வந்து சொன்னாராம். இதே கேள்வி, இதே இடம். "இருபத்தஞ்சு நாளா ஏன் தம்பி வரல? என்னைய மறந்துட்டீகளா?" என்று கேட்டார். பயம் மாமா என்றேன்.

மாமா கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். "பயம் மச்சானுக்கும் உண்டு. இந்த வாசலுக்கு வந்துட்டு ரெண்டு தடவ வண்டியத் திருப்பிட்டாராம் அன்னைக்கு. பின்னாடி அவரே சொன்னாரு. 'சாப்பிட்டியான்னு கேக்குறது ஒனக்காக மட்டும் இல்ல மச்சான், எனக்கு வகுறு கலங்குது, அது அடங்கணும்ல'ன்னாரு."

எழுபது எண்பது வீடுகளுக்குப் போன மனிதர். ஒவ்வொரு வாசலிலும் வயிறு கலங்கித்தான் நின்றிருக்கிறார். எனக்கு அது தெரியாது. அவருக்கு இயல்பாக வந்தது, எனக்கு வரவில்லை என்று முப்பது வருடத்துக்கு மேலாக நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா அழுது ஓயும்வரை இருந்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். புதுக்கோட்டையில் இறங்கி நின்றால் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பயந்து, பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வராமல் அங்கேயே குளத்தூர் பஸ் ஏறினேன்.

மரியபுஷ்பம் அத்தை பின்வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதாகிறது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா அத்தை?"

அத்தை புளியைக் கீழே வைத்தார். அவருக்கும் அந்தக் கேள்வி தெரியும். "யாருடா?" என்றார்.

"யாரும் இல்ல அத்தை. இது பழைய கேதம்."

"சாப்பிட்டேன். சொல்லு."

சொன்னேன். அப்பா மறக்கவில்லை, என்னைத்தான் அனுப்பினார், முறுக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறியது நான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அத்தை கேட்டது எனக்குக் கனவிலும் தோன்றாத கேள்வி. "அந்த முறுக்கு என்னடா ஆச்சு?"

"அப்பா மறுநாள் விடியக்காலையில கல்லறைக்குக் கொண்டுபோய் வச்சாரு அத்தை. சாமியார் பாத்தா திட்டுவாருன்னு சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே வச்சாரு. அதுக்கப்புறந்தான் ஒங்ககிட்ட வந்தாரு. நீங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள காக்கா தின்னுருச்சு."

"வச்சாரா?" என்றார் அத்தை. "பதினோரு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசலையேடா நானு. பெட்டியில கெடக்கையிலகூட ஏசுனேனே. இப்ப எங்கிட்டுடா போயி அண்ணங்கிட்டச் சொல்லுவேன்?" புளி ஒட்டிய கையாலேயே என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். இன்னொன்று. அப்புறம் அழ ஆரம்பித்தார். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. தெருவில் பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. அடுத்ததும் வந்து போனது. மூன்றாவது பஸ்ஸும் போன பிறகுதான் அத்தை முகத்தைத் துடைத்தார். அதுவரை நான் எழுந்திருக்கவில்லை.

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. பூசைக்கு வருவாரா என்று கேட்கவும் துணிச்சல் இல்லை. இதை எழுதுகிற செவ்வாய்க்கிழமை மதியமும் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். நாளை பூசை.

அப்பாவின் மொபெட் வாசலில் நிற்கிறது. போன் ஜெனியிடம். கட்டுமாவடி கெழங்கானை இனி சனிக்கிழமை தானே கூப்பிட்டுப் பேசப்போவதாகச் சொல்கிறாள், அந்த வாய் அவளுக்குத் தாத்தாவிடமிருந்து வந்திருக்கிறது. நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை. வயிறு கலங்கும், வண்டி திரும்பும், அப்படியும் அந்த வாசலுக்குப் போய் உட்கார வேண்டும் என்பதை. அவர் யாருக்கும் கேதம் சொல்ல மறந்தவர் அல்ல. மறைத்தது நான். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பூசை முடிந்ததும் பந்தி உண்டு. எல்லோரும் இருந்து சாப்பிட வேண்டும். ஜெனியிடம் இந்தத் தாளைச் சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர்களுக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.